எட்டடியில் வைத்த ஓடு

அண்ணே,

இன்று காலை அலுவலகத்தில் மண் பைகளைக் கழித்துக் கட்டச் சொன்னார்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நாம் எடுத்த பைகள்தான். மதுரைக்கு வந்ததிலிருந்து அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொட்டுவது என்று ஒரு பட்டியலும் தந்தார்கள். நம் வரைபடத்தில் சிவப்பும் மஞ்சளும் அடித்த தெருக்களின் பைகள் இருக்கலாம். வெள்ளைத் தெருப் பைகளைப் பின்பக்கச் சந்தில் கொட்டிவிட்டு, பையை மட்டும் உதறி மடித்து வைக்க வேண்டும். பை திரும்ப உதவும். மண் உதவாது.

பதினோராவது பையின் கட்டை அவிழ்த்தபோது அந்த வாசனை முகத்தில் அடித்தது. ஈரக் கரம்பையும் பாய்லர் சாம்பலும் கலந்த வாசனை. அதற்கு அடியில் ஊறி மக்கிய பேண்டேஜ் துணியின் வீச்சம். காற்றுப் புகாமல் கட்டியிருந்ததால் ஈரம் இன்னும் போகவில்லை. சீட்டைப் பார்க்காமலே எந்தத் தெரு என்று தெரிந்துவிட்டது. பிறகு பார்த்தேன். என் கையெழுத்துதான். உங்கள் தெரு, எட்டடி.

மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து மேசைக்காரர், "என்னங்க இது, சாக்கடையா?" என்றார். இல்லை, ஒரு தெரு என்றேன். அவருக்குப் புரியவில்லை.

உங்களைப் புகழ்ந்து எழுத நான் உட்காரவில்லை. நீங்கள் அப்படி ஒன்றும் தங்கமான மனிதரும் இல்லை. வாயைத் திறந்தால் நக்கல். டீக்கடையில் அடுத்தவன் வடையில் பாதியைக் கேட்காமல் பிட்டுக்கொள்வீர்கள். எங்கள் தொல்லியல் குழுத் தலைவருக்கு 'ஓட்டாஞ்சல்லி சார்' என்று பெயர் வைத்து, அது அவர் காதுக்கே போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டீர்கள். தேவதானம் பக்கம் கிணறு வெட்டப் போனவர், பிறகு கட்டடங்களுக்கு மண் பரிசோதனை செய்கிற கூட்டத்தில் சேர்ந்து, மண்ணைத் துளைத்து எடுக்கும் கம்பியைத் திருகிப் பழகியவர். அப்படித்தான் எங்களிடம் வந்தீர்கள். முதுகலை முடித்த நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இரண்டடி இறக்கத் திணறிய கம்பியை நீங்கள் பீடியை வாயில் வைத்தபடியே பத்தடி இறக்கினீர்கள். "படிச்ச கை வேற, திருகுத கை வேற தாயி" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. என் அப்பாவும் நூல் மில்லில் நின்றுகொண்டே காலத்தை ஓட்டியவர்தான். என் கையையும் படித்த கை என்று ஒதுக்கிவிட்டீர்களே என்று இருந்தது.

அப்போது நமக்கு இருந்த வேலையை இன்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. இரண்டு ஊரையும் இடையில் கிடக்கும் கிராமங்களையும் சேர்த்து ஒரே பெருநகரமாக்க ஒரு பெரிய திட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் ஓர் அத்தியாயம் பழமைக்கு. எந்தத் தெருவுக்கு அடியில் என்ன புதைந்திருக்கலாம், எங்கே தோண்டும் முன் ஆராய வேண்டும், எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் நகரம் வளர்வதற்கு முன்னாலேயே தீர்மானித்து வைப்பது எங்கள் பொறுப்பு. தெருத்தெருவாகக் கம்பி இறக்கி மண் எடுப்போம். பானை ஓடு, செங்கல், எலும்பு என்று கிடைத்ததைப் பார்ப்போம். வரைபடத்தில் நிறம் அடிப்போம். சிவப்பு என்றால் நிச்சயம் இருக்கிறது. மஞ்சள் என்றால் இருக்கலாம். வெள்ளை என்றால் தேட வேண்டியதில்லை.

நிறத்தோடு ஒரு விதியும் உண்டு. அந்தச் சமயத்தில்தான் பாதாள சாக்கடைக்குத் தெருக்களைத் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். சிவப்பு, மஞ்சள் தெருக்களில் பொக்லைன் மூன்றடிக்குக் கீழே போகக் கூடாது. மீதியை ஆள் வைத்து மெதுவாகத் தோண்ட வேண்டும். பள்ளத்தின் இரண்டு பக்கமும் பலகை அடைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த விதியை எழுதியது நான். பலகையை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் தெரியும் மண் அடுக்கை வரைந்துகொண்டு, மறுபடி அடைத்துவிடலாம். அதற்காகத்தான் பலகை. எல்லாப் பள்ளத்துக்கும் பலகை வேண்டும் என்று அரசு விதி தனியாக இருக்கிறது. அதை நம் பக்கத்தில் யாரும் மதித்து நான் பார்த்ததில்லை. எங்கள் விதியை மதித்தார்கள். சிவப்புத் தெருக்களில் குடியிருந்தவர்கள் போன் போட்டுக் கேட்கத் தெரிந்தவர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலை ஒட்டிய ஒரு தெருவில் முதல் பள்ளம் தோண்டியபோது நாம் இருவரும் போய் நின்றோம். நான் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். என் தோள்பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தீர்கள். "பள்ளத்துக்கு மூணடி தள்ளி நில்லு. இல்லைன்னா அது உன்னையும் சேத்து வாங்கிக்கிரும்." அதன் பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் அதையே சொன்னீர்கள். அன்று பலகைகளைப் பார்த்து நின்றுவிட்டீர்கள். புதுப் பலகைகள். பால்கோவா காய்ச்சும் அடுப்புப் புகையையும் மீறி அவற்றின் மரவாசனை வந்தது.

"யாருக்குத் தாயி இம்புட்டுப் பலகை? உள்ள நிக்கவனுக்கா?"

"சுவத்துல இருக்க அடுக்குக்குண்ணே. சரிஞ்சா வரைய முடியாதுல்ல."

பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தீர்கள். சிரிப்பு நிற்கவே இல்லை. "ஒடைஞ்ச பானைக்குக் கட்டில் போட்டுப் படுக்க வச்சிருக்கீக. நல்லா இருங்க."

நானும் சிரித்தேன். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று அன்று யோசிக்கவில்லை.

அதே வாரம் ராஜபாளையத்தில் ஆலை முதலாளி ஒருவரின் பங்களாவுக்குப் போனோம். முன்கூடத்தின் சுவர் மன்னர் காலத்தது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவருக்கும் எனக்கும் வெள்ளி டம்ளரில் காபி வந்தது. உங்களுக்குக் கேட்டுக்கு வெளியே பேப்பர் கப்பில் வந்தது. நீங்கள் அதைக் குடிக்காமல் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றிவிட்டு, சுற்றுச்சுவர் வழியாகப் போய் அந்தச் சுவரின் அடியை ஒரு ஆணியால் சுரண்டிப் பார்த்தீர்கள். திரும்பும்போது என் காதில், "மன்னர் காலத்துலயே சிமெண்டுக் கல்லு வந்துருச்சு தாயி. இந்தக் காரை என் கல்யாணத்துக்குப் பொறவு பூசுனது" என்றீர்கள். நான் தலைவரிடம் சொன்னேன். அவர் வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டே, "மஞ்சள் போட்டுரும்மா. திட்டக் குழுவுல அவர் இருக்கார்" என்றார்.

போட்டேன். மஞ்சள் பென்சிலைச் சீவி, கோட்டுக்கு வெளியே போகாமல் நேர்த்தியாகப் போட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் ஞாபகம் வைத்திருந்தீர்கள்.

உங்கள் தெருவுக்கு வந்தது அதற்கடுத்த வாரம். ராஜபாளையத்தின் கடைசியில், முன்பு ஊருணியாக இருந்த இடம். ஊருணியில் நூல் மில்லுகளின் சாம்பலைக் கொட்டினார்கள். இடித்த வீடுகளின் கப்பியைக் கொட்டினார்கள். தறிகளில் மிஞ்சிய பேண்டேஜ் துணிக் கழிவைக் கொட்டினார்கள். தண்ணீர் நின்றுபோய்க் குழி மேடானதும் உங்கள் ஆட்களுக்கு அளந்து கொடுத்து, இனிமேல் இது உங்கள் இடம் என்றார்கள். கம்பியிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டே நீங்கள்தான் சொன்னீர்கள்: "எந்த அடி எந்த மில்லுன்னு மோந்து பாத்தே சொல்லிருவேன். ஊருக்காரவுக அம்புட்டுப் பேரு கழிவு மேலயும் படுத்து எந்திரிக்கோம்ல."

துளை நிற்கவே இல்லை. ஐந்தடிக்குக் கீழே கம்பியை உருவியதும் பக்கச் சுவர் பொலபொலவென்று சரிந்து துளையை மூடியது. மறுபடி இறக்குவீர்கள். மறுபடி மூடும். நீங்கள் ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் இறுக்கி, இடுப்பு உயரத்திலிருந்து விட்டீர்கள். எந்தத் தெருவிலும் நீங்கள் செய்வதுதான். உருண்டையாக விழுந்தால் இறங்கலாம், சிதறினால் ஏறு. அது உங்கள் கணக்கு. அன்று அது தரையைத் தொடும் முன்பே உதிர்ந்தது.

"பாத்தியா? பலகை இங்கதான் வேணும்."

"இது வெள்ளைத் தெருண்ணே. கொட்டுன மண்ணு. இதுல ஆராய ஒண்ணும் இல்ல."

"ஆராய வேண்டாம். பலகை மட்டும் போடச் சொல்லி எழுதேன்."

"அது எஞ்சினியர் பாக்க வேண்டியது. நம்ம வேலை இல்ல."

"அவன் பாக்க மாட்டான்லா."

"அதுக்கு நான் என்னண்ணே பண்ண?"

"மஞ்சளாவது போடு."

"மஞ்சள் போடணும்னா ஏதாவது கிடைக்கணும்."

நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். பிறகு, "ஏதாவது கெடைக்கணும், என்ன?" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு கம்பியைத் துடைக்க ஆரம்பித்தீர்கள். நான் தாளில் குறித்துக்கொண்டேன்: மண் உதிரி, துளை நிற்கவில்லை.

மறுநாள் அதே தெருவில் இரண்டாவது துளை. எட்டடி மண்ணை நீங்கள் பிளாஸ்டிக் விரிப்பில் தட்டினீர்கள். கறுப்புச் சாம்பலுக்கு நடுவில் ஒரு பானை ஓடு கிடந்தது. கறுப்பும் சிவப்புமான பழைய ஓடு. விளிம்புக்குக் கீழே மூன்று கோடுகள். கூட வந்த இருவரும் கைதட்டினார்கள். உங்கள் தெருப் பெண்கள் நான்கைந்து பேர் குடத்தோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். உங்கள் மனைவியும் அதில் இருந்தார். ஒருத்தி, "ஏட்டி, நம்ம தெருவுலயும் ராசா இருந்திருப்பானோ?" என்றாள். இன்னொருத்தி, "இருந்திருப்பான். தண்ணி வரலைன்னு ஓடிருப்பான்" என்றாள்.

நான் அந்த ஓட்டைக் கையில் எடுத்தேன். கோடுகளின் பள்ளத்தில் சாம்பல் இல்லை, செம்மண் ஒட்டியிருந்தது. அது கூட வேண்டியதில்லை. அந்த மூன்று கோடுகளில் நடுக்கோடு ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கும். முந்தின வாரம் அரை நாள் உட்கார்ந்து நான் வரைந்த ஓடு அது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவில் கிடைத்தது. நம் குழு தங்கியிருந்த வாடகை வீட்டுக் கூடத்தில் செய்தித்தாள் மேல் மற்ற ஓடுகளோடு காய்ந்துகொண்டிருந்தது.

உங்களைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். கூப்பிடவில்லை.

"இது எங்க இருந்து வந்துச்சுண்ணே?"

"எட்டடியில இருந்து. நீதான பாத்துட்டு நிக்க."

போனை எடுத்து, நான் வரைந்த படத்தை விரித்துக் காட்டினேன். உங்களுக்கு மட்டும் காட்டவில்லை. கூட வந்த இருவருக்கும், குடத்தோடு நின்றவர்களுக்கும் தெரியும்படி காட்டினேன்.

நீங்கள் படத்தைப் பார்க்கவில்லை. "ஏன், எங்க ஆளுக பானையில சோறு பொங்கலையா? இங்க ஒரு ஓடு இருக்கக் கூடாதா?"

"பொங்கியிருப்பாங்க. இந்தப் பானையில இல்ல."

எவ்வளவு சுத்தமான பதில். அதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது, அண்ணே. மறைத்து என்ன ஆகப்போகிறது? பணக்காரனும் பதவிக்காரனும் சேர்ந்து பழமையைத் திரிக்கிறார்கள் என்று கல்லூரியில் மேடை மேடையாகப் பேசியவள் நான். பொய்யைப் பிடிப்பது ஒன்றுதான் என்னிடம் இருந்த ஆயுதம். ஆலை முதலாளி வீட்டில் அதை உறையிலேயே வைத்துக்கொண்டு காபி குடித்தேன். உங்கள் தெருவில்தான் முதல்முதலாக உருவினேன்.

"சிவப்பா தாயி கேட்டேன்? மஞ்சள்தான கேட்டேன்" என்றீர்கள். குரல் தாழ்ந்திருந்தது. "ரெண்டு பக்கமும் பலகை. அம்புட்டுத்தான். மண்ணு நிக்காதுன்னு நீயே எழுதிருக்க."

"ஏமாத்துறவங்களோட நான் வேலை பாக்க மாட்டேன்."

தலைவருக்குப் போன் செய்தேன். மதியத்துக்குள் உங்களை நிறுத்திவிட்டார்கள். கிளம்பும் முன் வழக்கம்போலக் கம்பியை எண்ணெய்த் துணியால் துடைத்து, திருகு மரையில் மண் இல்லாமல் குச்சியால் நோண்டி எடுத்து, சாக்கில் சுற்றி வைத்தீர்கள். "வாரேன் மேடம்" என்றீர்கள். தாயி அன்றோடு முடிந்தது.

அதன் பிறகு உங்களை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். பொதுமக்கள் பார்வைக்கு என்று வரைபடத்தை ஒரு மண்டபத்தில் ஒட்டியிருந்தோம். நீங்கள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தீர்கள். வரைபடத்தின் முன் நின்று விரலால் தடவித் தடவித் தேடினீர்கள். தெருவைக் கண்டுபிடித்ததும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"இது பேப்பரோட கலரா மேடம்? இல்ல, நீங்க அடிச்ச கலரா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் ஏதோ சிரித்துவைத்தேன். உங்கள் விரல் அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, அந்தப் பங்களாவின் மஞ்சள் கட்டத்தில் போய் நின்றது. தட்டில் வைத்திருந்த பிஸ்கட்டில் இரண்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள்.

நான் மதுரைக்கு வந்துவிட்டேன். நீங்கள் சாக்கடைப் பள்ளத்தில் குழாய் இறக்கும் வேலைக்குப் போயிருக்கிறீர்கள். மண் தெரிந்த ஆள் என்று காண்ட்ராக்டர் சேர்த்துக்கொண்டாராம். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சிவப்புத் தெருக்களில் வேலை பார்த்தீர்கள், பலகைக்கு நடுவில். பிறகு உங்கள் தெருவுக்கு வேலை வந்தது. பொக்லைன் ஒரே மூச்சாகப் பத்தடி தோண்டியது. வெள்ளைத் தெருவில் அது தோண்டலாம்.

அன்று காலை என்ன நடந்தது என்பதை உங்கள் மனைவி சொல்லித்தான் கேட்டேன். ஒரு பிடி மண்ணை இறுக்கி விட்டுப் பார்த்தீர்களாம். சூப்பர்வைசரிடம், "சிதறுது சார், பலகை வேணும்" என்றீர்களாம். அவன், "பலகை பூராவும் கோயில் தெருவுல கெடக்கு. அங்க வரைஞ்சு முடிச்சு அவுத்தாத்தான் இங்க வரும்" என்றானாம். அங்கே வரைவதற்கு என் இடத்தில் புதிதாக வந்தவர் விடுமுறையில் போயிருந்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. ஆள் இல்லாத பள்ளத்தில் பலகைகள் மண் அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"எறங்க மாட்டேன்னா சொல்லு, வேற ஆள எறக்குதேன்" என்றானாம் சூப்பர்வைசர். நீங்கள் திரும்பி வாசலில் நின்ற மனைவியிடம், "வேற ஆளுன்னா யாரு, நம்ம தெருக்காரன்தான். மண்ணு தெரிஞ்சவன் நானே எறங்கிட்டு வாரேன். செத்த நேரந்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கினீர்கள்.

குழாயின் ஒரு மூட்டு போட்டு முடித்திருக்கிறீர்கள். அடுத்ததற்குக் குனிந்தபோது ஒரு பக்கச் சுவர் முழுதாகச் சரிந்து வந்துவிட்டது. சாம்பல், கப்பி, துணி, எல்லாம். தோண்டி எடுக்க அதே பொக்லைனைத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தகவல் எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. பஸ் பிடித்தேன். கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி பஸ்கள் வரிசையாக நின்று வழியை மறித்தன. ஜன்னலில் மலை தெரிந்தது. நான் வந்து சேர்வதற்குள் உங்கள் தெருப் பள்ளத்தை மூடி, மேலே கப்பி போட்டு அமுக்கியிருந்தார்கள். நன்றாக, சமமாக இருந்தது. வரைவதற்கு எதுவும் மிச்சமில்லை.

உங்கள் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீதான அந்தக் கெட்டிக்காரப் பிள்ள?"

நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"மூணு ஓடு கொண்டாந்து காட்டுனாரு. எது நல்லாருக்குன்னு எங்கிட்டதான் கேட்டாரு. ரெண்டு சும்மா மொட்டையா இருந்துச்சு. நான்தான் கோடு போட்டத வையுங்கன்னேன். நம்ம தெருவுக்குன்னு வைக்கது நல்லதாத்தான் இருக்கட்டுமேன்னேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மொட்டையா இருந்தத வச்சிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது மதினி."

அப்போதும் உண்மையைத்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் பொய் சொல்வதற்குப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு என்றால் அது அந்த வாசல்தான். தெரிந்திருக்கும், எப்படியும் கண்டுபிடித்திருப்பேன் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா இன்று நிம்மதியாகத் தூங்குவார். மொட்டை ஓடாக இருந்தால் நான் மஞ்சள் போட்டிருப்பேன், பலகை வந்திருக்கும். அழகான ஓட்டை எடுத்தது தன் கை என்ற நினைப்பை அவர் தலையில் ஏற்றிவிட்டு வந்தேன். அவர் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். "அப்பம் நான்தான்" என்றார்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. எங்கள் தலைவர் போய்விட்டு வந்து, "நம்ம அறிக்கையில ஒரு தப்பும் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே நிம்மதி இருந்தது. மண் உதிரி, துளை நிற்கவில்லை என்று நான் எழுதிய தாள் எங்கே என்று கேட்டேன். வெள்ளைத் தெருத் தாள்களை அறிக்கையில் இணைப்பதில்லை, பக்கம் கூடிவிடும் என்றார். அந்தத் தெருவின் மண் ஆளைக் கொல்லும் என்பது காண்ட்ராக்டருக்குத் தெரிவதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். எங்கள் எழுத்தில் இருந்தது. அதில் பழமை இல்லாததால் அதைத் தூக்கிப் பரண்மேல் போட்டோம்.

இப்போது மதுரைக்கு அதே திட்டத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம். இது பெரிய நகரம். சிவப்பும் மஞ்சளும் ஏராளம். ஆராய்ச்சிக் கேள்விகளின் பட்டியல் தயாரித்தபோது நானும் ஒன்று எழுதிக் கொடுத்தேன்: இந்த நகரம் தன் கழிவை எங்கெங்கே கொட்டியது, அதன் மேல் யார் யாரைக் குடிவைத்தது? தலைவர் படித்துவிட்டு, "இது ஆராய்ச்சி இல்லம்மா, அரசியல்" என்று அடித்தார். களத்தாளில் ஒரு கட்டம் சேர்க்கக் கேட்டேன்: பள்ளச் சுவர் நிற்குமா? அதையும் அடித்தார். "அது எஞ்சினியர் பாக்க வேண்டியது. நம்ம வேலை இல்ல." என் வார்த்தை அப்படியே என்னிடம் திரும்பி வந்தது. நான் உங்களிடம் சொன்ன அதே குரலில், அதே அலட்சியத்தில்.

நான் வேலையை விட்டுவிடவில்லை. அப்படி எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் விடவில்லை. நிறம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் தெருவின் பையை மட்டும் இன்று கொட்டவில்லை. கட்டி என் தோள்பைக்குள் வைத்துக்கொண்டேன். பட்டியலில் கொட்டியதாகக் குறித்தேன். நான் எழுதிய முதல் பொய்க் குறிப்பு என்று சொல்ல நினைத்தேன். அந்தப் பங்களா நினைவுக்கு வந்தது. இரண்டாவது.

சாயங்காலம் வெளியே வந்தால், அலுவலகத்துக்குப் பக்கத்துச் சந்தில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். உள்ளே இரண்டு பேர். பலகை இல்லை. எடுத்துப் போட்ட மண்ணில் ஒரு பிடி அள்ளி இறுக்கி, இடுப்பு உயரத்திலிருந்து விட்டேன். சிதறியது.

"அண்ணே, மேல வாங்க. மண்ணு நிக்காது."

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மூத்தவர் கேட்டார், "மேடம் எந்த டிபார்ட்மெண்ட்டு?"

"பழைய ஊரு, பானை ஓடு எல்லாம் ஆராயுற ஆபீஸ்."

"அப்ப இங்க ஒண்ணும் கெடைக்காது, போங்க. நேத்தே ஒங்காளு வந்து பாத்துட்டு வெள்ளைன்னு சொல்லிட்டுப் போயிட்டாப்ல."

இளையவர் சிரித்தார். மறுபடி குனிந்தார்கள். கடப்பாரைச் சத்தம் தொடர்ந்தது. சூப்பர்வைசர் போல ஒருவர் வண்டியில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொன்னேன். போனைக் காதிலிருந்து எடுக்காமல், கையால் ஈயை விரட்டுவது போலச் செய்தார்.

நான் போகவில்லை, அண்ணே. நின்றால் மண் பயந்து நின்றுவிடப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் டீக்கு மேலே ஏறும்வரை நின்றேன். தோள்பையில் உங்கள் தெரு கனத்தது. அதன் ஈரக் குளிர்ச்சி பை வழியாக என் இடுப்பில் பட்டுக்கொண்டிருந்தது. விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளி, உங்கள் கை என்னை இழுத்து நிறுத்திய அதே தூரத்தில் நின்றேன்.